மழையைச் சரிசெய்த அக்கா

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். எழுந்து நின்று கேட்கக் கூடாது. எங்கள் வானிலை ஆர்வலர் மன்றத்தில் இந்த விதியைக் கொண்டுவந்தவர் அக்கா. மேடையில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, சீட்டுகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார். மழை எப்படி உருவாகிறது, புயலுக்குப் பெயர் வைப்பது யார் என்கிற மாதிரியான கேள்விகள் விருந்தினரின் மேசைக்குப் போகும். போன வாரம் நீங்கள் வரும் என்று சொன்ன மழை ஏன் வரவில்லை என்று யாராவது எழுதியிருந்தால், அதை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். முகத்தில் கடுமை எதுவும் இருக்காது. குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி வைப்பதுபோல வாங்கி வைப்பார்.

அக்கா எங்கள் மன்றத்தின் செயலாளர். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், ஐம்பதைத் தாண்டியவர். அவரைவிட வயதில் மூத்த ஆண்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொரட்டூரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கூடுவோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஈரப்பதம், காற்றழுத்தம் என்று கேட்டுக்கொண்டிருப்போம். பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிவரை உறுப்பினர்கள் தங்கள் மொட்டைமாடியில் ஆளுக்கொரு மழைமானி வைத்திருந்தார்கள். தினமும் காலை எட்டரைக்கு அதில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அக்கா அவற்றைச் சேர்த்து, பச்சை, நீலம், சிவப்பு என்று வண்ணம் தீட்டி ஒரு வரைபடம் செய்வார். பத்திரிகை நிருபர்களுக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்கும் அது போகும். எங்கள் பகுதியில் மழை பற்றி யார் எதைச் சொன்னாலும் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

நான் சேர்ந்த அன்று என்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். இயற்பியல் படித்தேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை, வீடு முத்தாபுதுப்பேட்டை என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. அக்கா மைக்கை வாங்கிக்கொண்டு, "எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த இடத்துக்கு வந்திருக்கா பாருங்க இந்தப் பொண்ணு" என்று தழுதழுத்த குரலில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கஷ்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாம் சொல்வது ஒன்று, அது அக்காவின் வாய்வழியாக வெளியே போகும்போது வேறொன்று. கேட்பவர்களுக்கு இதமாக இருக்கிற ஒன்று.

யாருக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். ஒருமுறை, காலை எட்டரைக்குப் பார்க்கிற மழை அன்றைய தேதியில் சேருமா, முந்தைய தேதியில் சேருமா என்று எனக்கும் பட்டாபிராம் சார் ஒருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அக்கா நடுவில் வந்து நின்று, "சார், நீங்க சொல்றதும் சரி. கண்ணு, நீ சொல்றதும் சரி" என்றார்.

"ரெண்டும் எப்படிக்கா சரியா இருக்கும்? ஒரே மழை, ரெண்டு தேதியா?" என்றேன்.

"அதான் சொல்றேன், விடு. டீ ஆறுது பாரு."

பூந்தமல்லியில் ஜவுளிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் உறுப்பினர். விருந்தினர்களுக்குப் போர்த்துகிற பொன்னாடை அவர் கடையிலிருந்துதான் வரும். இணையத்தில் வானிலை சொல்லிப் பேர் வாங்கிய ஒரு இளைஞர் சனி, ஞாயிறு கனமழை என்று அடித்துச் சொல்ல, பாய் பண்டிகை விற்பனைக்காக வாசலில் போட்டிருந்த பந்தலைப் பிரித்து, துணிகளையெல்லாம் உள்ளே அடுக்கிவிட்டார். இரண்டு நாளும் வெயில் கொளுத்தியது. அடுத்த மாதம் அதே இளைஞர் சிறப்பு விருந்தினர். பாயின் சீட்டு நேராகக் கைப்பைக்குள் போயிற்று.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பாய் கேட்டார்: "இன்னாக்கா, என் கேள்வி பையிலயேதான் கீதா, இல்ல ஊட்டுக்கு எடுத்துகினு போயி பதில் சொல்லுவீங்களா?"

"பாய், வந்தவர் மனசு கோணக் கூடாது."

"அவர் மனசு கோணாதுக்கா. அவரு சொல்ற மழதான் கோணிகினு ஆந்திரா பக்கம் போவுது."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வாசலில் நின்றிருந்த அந்த இளைஞரின் காதில் விழாதபடி பாயை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

வெப்பமானிப் பெட்டியின் கதை இதைவிட மோசம். வெள்ளையடித்த மரப்பெட்டி. நாலு பக்கமும் காற்று புகுந்து வரச் சட்டங்கள். உள்ளே வெப்பமானிகள். சுவர், சிமெண்டுத் தரை எதுவும் பக்கத்தில் இல்லாமல் புல்தரையில், திறந்தவெளியில் நிற்க வேண்டும். பள்ளி மைதானத்தின் நடுவில் நாங்கள் அப்படித்தான் நிறுத்தியிருந்தோம். அதைத் திறந்துவைக்க ஒரு தனியார் கல்லூரியின் தாளாளர் வந்தார். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு மதில் சுவரில் இருந்தது. பெட்டியும் கல்வெட்டும் ஒரே படத்தில் வரவில்லை என்று போட்டோகிராபர் சொன்னார். நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், மேற்கு வெயில் முழுவதும் விழுகிற மதிலை ஒட்டி வைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், விருந்தினர் போய்விட்டார். பெட்டி அங்கேயே நின்றது.

மறுவாரமே எங்கள் பதிவில் கொரட்டூர், நகரத்தின் மற்ற இடங்களைவிட அதிகமாகக் கொதிக்கத் தொடங்கியது. பெட்டியைப் பழைய இடத்துக்கு மாற்றலாம் என்று நான் சொன்னபோது அக்கா பதறிப்போனார். "அவர் இந்த வழியாத்தான்மா தினமும் கார்ல போறாரு. பெட்டி அங்க இல்லன்னா என்ன நினைப்பாரு?"

"அப்ப தப்பான வெப்பநிலையவே போட்டுக்கிட்டிருக்கப் போறமா?"

"அது ஏன் தப்பா போடணும்? தினமும் ரெண்டு டிகிரி குறைச்சுப் போட்டுச் சரி பண்ணிடலாம்."

அப்படியே செய்தார். மேகமூட்டமான நாளிலும் இரண்டு, மழை நாளிலும் இரண்டு. சுவரில் வெயிலே படாத நாளில் எதற்கு இரண்டைக் குறைக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு நாள் குறைச்சு ஒரு நாள் குறைக்காம விட்டா, கேள்வி வரும் கண்ணு" என்றார். எங்கள் கம்பெனியில் அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒரு பெட்டி உதிரிபாகத்தையும் முழுதாகத் திருப்பி அனுப்பிவிட்டு மேசையில் வேறு வேலை பார்ப்பேன். அக்காவிடம் பேசிவிட்டு வந்தால் அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடாது.

ஆனால் அவரை வெறுக்கவும் முடியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டு மாடியில் மழைமானி வைக்க அவரே வந்தார். மாடிக்கு எங்கள் வீட்டில் படிக்கட்டு கிடையாது, இரும்பு ஏணிதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் மறைவு விழாத இடமாகப் பார்த்து, மட்டம் பார்த்து, கருவியை இறுக்கிக் கட்டினார். இறங்கி வந்து அம்மா போட்ட கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது, "உங்க பொண்ணு படம் ஒருநாள் பேப்பர்ல வரும், பாருங்க" என்று அம்மா கையைப் பிடித்துச் சொன்னார். அம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. ஆனாலும் அவர் தலை மறைந்ததும் என்னிடம் கேட்டது இதுதான்: "மழய அளந்து இன்னாடி பண்ணப் போற? அளக்கறத வுட்டுட்டு, தண்ணி ஊட்டுக்குள்ள வராம நிறுத்த முடியுமான்னு பாரு."

அம்மா கேட்டது நியாயம்தான். எங்கள் தெரு பள்ளம். மேட்டில் புதிது புதிதாக வீடுகள் வந்து, அங்கே விழுகிற தண்ணீரெல்லாம் எங்கள் பக்கம் வடியும். தெருவோரம் இருந்த கால்வாய் இரண்டு முழம் அகலம்கூட இருக்காது. புதிய கால்வாய் கேட்டு மனு கொடுத்துக் கொடுத்துத் தெரு ஓய்ந்துபோயிருந்தது.

அந்தப் புரட்டாசி மாலை மேகம் எங்கள் தலைக்குமேலே வந்து நின்றுகொண்டது. நகரவே இல்லை. இடியும் காற்றுமாக அடித்து ஊற்றியதில் கால்வாய் காணாமல் போய்விட்டது. முதலில் வாசல், பிறகு சமையலறை, பிறகு கட்டிலின் கால். நானும் அம்மாவும் அரிசி டிரம்மைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். அப்பா வேலையிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார். ஃபிரிட்ஜ் அன்று போனது போனதுதான். மறுநாள் காலை ஏணியில் ஏறிப் பார்த்தேன். நூற்று முப்பத்திரண்டு மில்லிமீட்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், போட்டோவும் எடுத்தேன். குழுவில் 132 என்று போட்டேன். பட்டாபிராம், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அறுபது, எழுபது என்று வந்திருந்தது. இடி மழை அப்படித்தான். ஒரு தெருவை முக்கிவிட்டு அடுத்த தெருவில் தூறிவிட்டுப் போகும். இதைச் சொல்லிக்கொடுக்கத்தானே மன்றம் நடத்துகிறோம்.

பத்து மணிக்கு வரைபடம் வந்தது. முத்தாபுதுப்பேட்டை: 70. எங்கள் தெருவின்மேல் இதமான பச்சை நிறம்.

முழங்கால்வரை சேறோடு நின்றுகொண்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

"எழுபதுன்னு போட்டிருக்கீங்கக்கா. நான் அனுப்பினது நூத்தி முப்பத்திரெண்டு."

"ஆமாம் கண்ணு, பார்த்தேன். பக்கத்துல யாருக்குமே அவ்வளவு வரலையே. ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. அதான் கொஞ்சம் சரி பண்ணிட்டேன்."

"எங்க வீட்டுக்குள்ள கட்டில் காலு முங்கியிருக்கு."

"ஐயோ. அம்மா நல்லா இருக்காங்களா? சாப்பாடு ஏதாவது கொடுத்துவிடட்டுமா?"

அன்று மதியம் நிஜமாகவே அவர் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் ஆட்டோவில் வந்தன. நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். வரைபடத்தில் இருந்த 70-ஐ மட்டும் அவர் மாற்றவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வந்த விருந்தினர் எங்கள் பகுதியின் மழைநீர்க் கால்வாய்களைக் கவனிக்கிற பொறியாளர். 'நகரமும் வெள்ளமும்' என்று தலைப்பு. நிதானமாகப் பேசினார், படங்கள் காட்டினார். திரையில் எங்கள் மன்றத்தின் வரைபடம் வந்தது. அந்த மாலையின் வரைபடம்.

"இப்ப முத்தாபுதுப்பேட்டையை எடுத்துக்குங்க" என்றார். "அங்க வெள்ளம்னு ஏகப்பட்ட மனு. ஆனா மழை எவ்வளவு? உங்க மன்றமே போட்டிருக்கு, எழுபது. நூறுக்கு மேல பெஞ்சிருந்தா இருக்கற கால்வாய் பத்தலைன்னு நான் எழுதி, புதுசுக்குக் கேட்கலாம். எழுபதுக்கே ரொம்பிடுச்சுன்னா என்ன அர்த்தம்? ஜனங்க குப்பையைக் கொட்டி அடைச்சு வச்சிருக்காங்க. அந்தப் பக்கத்து மக்களுக்குக் கொஞ்சம் விழிப்புணர்வு தேவை."

சில பேர் தலையாட்டினார்கள். நான் சீட்டு எழுதினேன். இரண்டு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவதில் தெளிவாக எழுதினேன்: அன்று முத்தாபுதுப்பேட்டையில் பதிவான மழை 132 மில்லிமீட்டர். 70 என்பது பிறகு மாற்றப்பட்டது. இதை வைத்துக் கால்வாய் மறுக்கலாமா?

சீட்டு கைமாறிக் கைமாறி அக்காவிடம் போயிற்று. பிரித்தார், படித்தார். திரும்பி என்னைப் பார்த்து, பிறகு பேசலாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். நான்காக மடித்தார். கைப்பையின் ஜிப் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் எழுந்தேன். அந்தப் பெஞ்சிலிருந்து எழுவதற்கே ஒரு பாடு.

"சார், என் வீடு அந்தத் தெருவுலதான். அங்க மழைமானி வச்சிருக்கறது நான். அன்னைக்கு நூத்தி முப்பத்திரெண்டு."

பொறியாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இந்த எழுபது யார் போட்டது?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். எப்போதும் போடுகிற அந்தப் புன்னகை. "அந்தப் பொண்ணோட கேஜ்ல சின்னப் பிரச்சினை சார். வேற மாத்திக் கொடுக்கப் போறோம். ஆர்வம் உள்ள பொண்ணு, முதல் பட்டதாரி. எல்லாரும் அவளுக்கு ஒரு கைதட்டல் கொடுங்க."

கைதட்டினார்கள். என் கருவியில் பிரச்சினை என்று சொன்னதற்கும் சேர்த்துத் தட்டினார்கள். பாய் மட்டும் தட்டவில்லை. "கேஜ் நல்லாதானக்கா கீது? நீங்கதான ஏணி ஏறி வச்சீங்க?" என்றார் சத்தமாக. அக்கா காதில் வாங்காமல் பொன்னாடையைப் பிரித்தார்.

பொறியாளரை வாசலில் மடக்கினேன். கைபேசியில் இருந்த போட்டோவைக் காட்டினேன். நல்ல மனிதர்தான், நின்று பார்த்தார். "தனி ஆள் போட்டோவை வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மன்றத்துலேர்ந்து எழுத்துல ஒரு திருத்தம் வரட்டும். செயலாளர் கையெழுத்தோட. மழைக்காலம் முடியறதுக்குள்ள வந்தா, இந்த வருஷ வேலையிலயே சேர்த்துடறேன்."

ஒரு கடிதம். அவ்வளவுதான். அக்காவிடம் கேட்டேன். "கொடுத்திடலாம் கண்ணு" என்றார். அடுத்த வாரம் கேட்டேன். "உடனே திருத்திக் கொடுத்தா, நம்ம மேப் மேலயே நம்பிக்கை போயிடும். கொஞ்சம் பொறு" என்றார். அதற்கடுத்த வாரம் போனை எடுத்து அம்மாவின் உடம்பையும் அப்பாவின் வேலையையும் என் கல்யாணத்தையும் விசாரித்துவிட்டு, பேச்சு கடிதத்துக்கு வரும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வைத்துவிட்டார். தெருவில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். அம்மா கேட்டாள்: "ஒரு நம்பர எழுதறதுக்கு இன்னாடி இத்தினி நாளு? படிச்சவங்கதான அவங்க?"

நான் தினமும் காலை மாடி ஏறி அளவு பார்த்துக் குழுவில் போட்டுக்கொண்டே இருந்தேன். விட்டுவிட்டால் கருவி பழுது என்பது உண்மையாகிவிடும்.

கார்த்திகையில் ஒரு பெருமழை. இந்த முறை அக்கா வீடு இருக்கிற கொரட்டூர் பக்கம். ஏரி தளும்பி நிற்கிறது, தெருக்களில் தண்ணீர் என்று செய்தி வந்தது. அன்று காலை வந்த வரைபடத்தில் கொரட்டூருக்கு 140, சுற்றுவட்டாரத்துக்கும் அதையொட்டிய அளவுகள். நான் கம்பெனிக்கு விடுப்பு சொல்லிவிட்டு ரயில் ஏறிக் கொரட்டூரில் இறங்கினேன். போனில் தப்பிக்கிறவரை நேரில் பிடித்துவிடுவது என்று முடிவு.

அவர் தெருவில் கணுக்கால் தண்ணீர். வீட்டு வாசலில் அவர் கணவர் வாளியால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சோபா செங்கல்மேல் ஏறியிருந்தது. சுவரில் முழங்கால் உயரத்தில் ஈரக்கோடு. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் துணி போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. பார்த்து வா, வழுக்கும்."

நான் சுவரைப் பார்த்தேன். "நூத்தி நாப்பதுக்கா இவ்வளவு தண்ணி வந்துச்சு?"

அவர் துணியை மறுபடி பிழிந்தார். வாசலிலிருந்து கணவர் சொன்னார்: "நூத்தி எழுபத்தாறும்மா. காலைல நானும் கூட நின்னுதான் பாத்தேன். பாத்துட்டு கீழ வந்து நூத்தி நாப்பதுன்னு போட்டுகினு கீறா."

நான் அக்காவைப் பார்த்தேன். "உங்க அளவையே மாத்திட்டீங்களா?"

"பக்கத்துல எல்லாருக்கும் நூத்தி முப்பது, நூத்தி நாப்பதுன்னுதான் வந்திருக்கு. நான் மட்டும் அவ்வளவு போட்டா, செயலாளர் தன்னோட தெருவுக்கு ஏத்திப் போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லமாட்டாங்களா?"

"பெஞ்சது பெஞ்சதுதானக்கா."

"எங்க ஊட்டுக்குள்ள வந்த தண்ணியையே இவ கொறச்சிட்டா" என்றார் கணவர், வாளியைத் தூக்கிக்கொண்டு. "நான்தான் இன்னும் மொத்தத்தையும் எறச்சிகினு கீறேன்."

அதுவரை எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. என் தெரு என்பதால், எங்கள் சனம் என்பதால் அந்த அளவை அழித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். பிழிந்த துணியோடு, உடைந்துபோன மாதிரி சிரித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாளிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் எங்கள் தெருவுக்குக் கால்வாய் வேண்டும். நான் செங்கல்மேல் இருந்த சோபாவில் ஏறி உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை.

"கடிதம் வாங்காம போகமாட்டேன்க்கா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மன்றத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்துவந்தார். தேதி போட்டார். ஐயா என்று எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நூறுன்னு போட்டுடட்டுமா? எழுபதும் இல்ல, நீ சொல்றதும் இல்ல. யாருக்கும் வருத்தமில்ல."

"நூறுக்கு மேல இருந்தாத்தான் கால்வாய்னு அவர் சொன்னாருக்கா."

"அப்ப நூத்திப்பத்து. போதும்தானே? கால்வாய் வந்துடும்."

வந்துவிடும். எனக்கும் தெரிந்தது. "நூத்தி முப்பத்திரெண்டு" என்றேன்.

"காய் வாங்கற எடத்துலகூட இந்தப் பொண்ணு இப்டிதான் போல" என்றார் கணவர்.

டீ வந்தது. அக்கா நூற்றிருபதுக்கு வந்தார். நான் அசையவில்லை. எழுபதிலிருந்து ஒரேயடியாக ஏற்றினால் பொறியாளருக்குச் சங்கடம் என்றார். நிருபர்கள் கேட்பார்கள் என்றார். எங்கள் வீட்டில் அரிசி டிரம் கட்டில்மேல் இருந்ததைச் சொன்னேன். அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. குனிந்து மளமளவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து என் கையில் கொடுத்தார்.

130 மி.மீ.

"அக்கா."

"முழு எண்ணா இருந்தாத்தான் கண்ணு கடிதத்துல அழகா இருக்கும். ரெண்டு மில்லிமீட்டர்தானே."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

ரயில் மேடையில் நின்றுகொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். "எழுதிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்புறம் ஏன்டி கொரலு இப்டி கீது?"

"ரெண்டு மில்லிமீட்டர் குறைச்சு எழுதிட்டாங்கம்மா."

"ரெண்டுன்னா எவ்ளோ?"

"ஒரு அரிசி அகலம் இருக்கும்."

"அடியே, ஊடு வந்து சேரு" என்றாள்.

பையில் பேனா இருந்தது. அக்காவின் மையும் நீலம், என்னுடையதும் நீலம். 130-ன் பூஜ்யத்தை அடித்துவிட்டு மேலே ஒரு இரண்டு போட்டால் போதும், உள்ளது உள்ளபடி ஆகிவிடும். ரயில் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து தனியாக ஒரு தாளில், அந்த மழைமானியைப் பார்த்தவள் நான், அதில் இருந்தது 132 என்று எழுதி, என் முழுப் பெயரையும் படிப்பையும் போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு தாளையும் சேர்த்துப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தினார்.

கோடை பிறந்தபோது எங்கள் தெருவைத் தோண்டினார்கள். நல்ல அகலமான கால்வாய். எந்தத் தாளைப் பார்த்து அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த வருடம் அக்கா ஓய்வுபெற்று, மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார். இப்போது குழுவில் அளவுகளைத் தொகுப்பது நான். ஆனால் கால்வாய் தோண்டத் தொடங்கிய அன்று அக்காதான் செய்தி போட்டார், எங்கள் தெருவில் நிற்கும் பொக்லைன் படத்தோடு: நமது மன்றம் பதிவு செய்த 130 மி.மீ. அளவை ஏற்று முத்தாபுதுப்பேட்டையில் பணி தொடங்கியது, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

வாழ்த்துகள் குவிந்தன. அவற்றுக்குக் கீழே நான் 132 என்று மட்டும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா அதற்கு ஒரு கைகூப்பல் போட்டார்.